பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோ மீற்றர். இன்று ஒன்றேகால் மணித்தியாலமளவில் கடந்துவிடக்கூடிய இத்தூரம், வடபகுதி மக்களுக்குப் பல தசாப்தங்களாக ஏறத்தாழ ஆயிரம் கிலோ மீற்றராக இருந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் தெற்கே பயணித்துக் கட்டுநாயக்கவை அடைந்து, அங்கிருந்து சுமார் 650 கிலோ மீற்றர் மீண்டும் வடக்கே பறந்தே அவர்கள் சென்னையை எட்டினர்.

இத்தனைக்கும் இது புதிய வான்வழி அல்ல. எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசெம்பரில் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்கே நடத்தியது. பின்னர் போர் பலாலியைப் படைத்தளமாக்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதையும் மூடப்பட்டபோது, சென்னை மட்டுமன்றிக் கொழும்பும் குடாநாட்டு மக்களுக்கு எட்டாத் தொலைவாயிற்று. ஆக, இரு நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தை வரைபடத்தை விட அரசியலே அதிகம் தீர்மானித்து வந்துள்ளது.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, மறுமாதம் சென்னைச் சேவை ஆரம்பமாகியது. கொவிட் பெருந்தொற்றால் 2020இல் தடைப்பட்ட அச்சேவை மீள ஆரம்பிக்க 2022 டிசெம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னைக்கான சேவையில் இணைந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் வழி திறந்தது. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளர், மாணவர், வணிகர், திருத்தலங்களுக்கும் நாகூர் தர்காவுக்கும் செல்லும் யாத்திரிகர் என இதனால் பயனடைவோர் பலர்.

எனினும் ஓடுபாதையின் நீளம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாமையால், 70 முதல் 80 வரையான ஆசனங்களைக் கொண்ட விமானங்களே இங்கு வந்து போகின்றன. ஆசனங்கள் குறைவாக இருக்கும்வரை கட்டணம் சாமானியர்களுக்குச் சுமையாகவே இருக்கும். ஓடுபாதையை விரிவாக்குவதே தீர்வு என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால், விரிவாக்கத்துக்குக் காணி வேண்டும். பலாலியைச் சூழவுள்ள காணிகள், 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்குச் சொந்தமானவை. அவற்றில் ஒரு பகுதி இன்னும் உரியவர்களிடம் கையளிக்கப்படவில்லை. அபிவிருத்தியின் பெயரால் அவர்களது உரிமை மீண்டும் மறுக்கப்படுவதை நாம் ஏற்க முடியாது. விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு நிலம் தேவை என்பதை அரசு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அதற்கு உரிமையாளர்களின் சம்மதமும் நியாயமான இழப்பீடும் உறுதி செய்யப்பட்டு, எஞ்சிய காணிகள் தாமதமின்றி விடுவிக்கப்படல் வேண்டும்.

சென்னை அண்மித்துவிட்டது. தமது வீட்டு வாசலே இன்னும் எட்டாத் தொலைவில் உள்ள மக்களையும் அரசு கருத்திற் கொள்ள வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.