இன்னொரு டாக்டரைக் கேட்டால் என்ன?

"ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. "இன்னொரு டாக்டரிடமும் காட்டலாமே" என்று மருமகள் மெதுவாகச் சொல்கிறாள். உடனே மாமனார் அதட்டுகிறார். "டாக்டரையே சந்தேகப்படுவதா? அவர் கோபித்துக்கொள்வார்!"

இந்தப் பயம் வேண்டாம்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டில். "பாரில் சிப்பி நிறையக் கிடக்கிறது" என்று ஒருவர் சொன்னதும் குளிப்பை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். அதிலுள்ள முத்துக்களை மதிப்புப் போடத் தெரிந்தவர்களிடம் காட்டுவார்கள். அதன் பிறகுதான் முடிவு. முத்துக்கே இவ்வளவு சோதனை! வயிற்றைக் கிழிக்க ஒருவர் வார்த்தை போதுமா?

உரிமை

இன்னொரு டாக்டரைக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் இது இருக்கிறது. 2019-ல் மத்திய சுகாதாரத் துறை அந்தப் பட்டியலை மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயாளியின் சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது 2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி.

தாய்மார்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லியில் ஒரு பெண் சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பையை எடுத்துவிட்டார்கள். தாயாரிடம் மட்டும் சம்மதம் வாங்கினார்கள். அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் தீர்ப்புக் கூறியது. உடம்பு யாருடையதோ, அவர்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது டாக்டர் என்றால், அந்த நோயைப் பற்றிப் படித்த டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. செல்போனில் வரும் செய்தியும் அல்ல. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தச் சோதனைக் காகிதம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதல் டாக்டர் சொன்னதை மறைக்காதீர்கள். நமக்குப் பிடித்த பதில் வரும்வரை ஊர் ஊராக அலைவதும் கூடாது. அது வீண் செலவு. நோயும் முற்றிவிடும்.

அவசரம்

நெஞ்சு வலி, பாம்புக் கடி, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோதல் என்றால் யோசனை கேட்க நேரம் கிடையாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

சங்கு குளிக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. குழாய்க் காற்றில் மூச்சு விட்டு, ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். மூட்டு வலிக்கும். கால் மரத்துப்போகும். டாக்டரிடம் "மூட்டு வலி" என்று மட்டும் சொன்னால், அவர் வலிக்குத்தான் மாத்திரை கொடுப்பார். அதோடு வீடு திரும்பிப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே, அந்த மணியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நோய்க்கு முதலில் வேண்டியது ஆக்சிஜன். எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம் அடியில் இருந்தார், எப்போது மேலே வந்தார் என்று அங்குள்ள டாக்டரிடம் சொல்லுங்கள். அவரால் பேச முடியாவிட்டால், கூட வள்ளத்தில் போனவர் சொல்லட்டும்.