பெரிய எழுத்தும் மரியாதையும்

ஆங்கிலத்தில் சிறப்புப் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதல் வேண்டும்; பொதுப்பெயருக்கு அது வேண்டுவதில்லை. இதனை வெறும் இலக்கண விதியென்றே நம் மாணவர் மனனம் செய்கின்றனர். எது சிறப்புப் பெயர் என்று முடிவு செய்பவர் யார் என அவர்கள் கேட்பதில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறித்த 'நீக்ரோ' என்னும் பெயரை அந்நாட்டு ஏடுகள் பலவும் நெடுங்காலம் சிறிய எழுத்திலேயே அச்சிட்டன. ஐரிஷ்காரருக்கும் இத்தாலியருக்கும் பெரிய எழுத்து. இவர்களுக்கு மட்டும் பொதுப்பெயர்! அறிஞர் டு பாய்ஸ் முதலியோர் விடாது வாதாடினர். 1930-இல் 'நியூயார்க் டைம்ஸ்' இசைந்தது. பின்னர் அப்பெயர் வழக்கொழிந்து 'பிளாக்' என்பது வந்தபோது பெரும்பாலான ஏடுகள் அதனையும் சிறிதாகவே எழுதின. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அதற்குப் பெரிய எழுத்து வழங்கியது 2020-இல்தான். ஓர் எழுத்துக்காக இத்தனை ஆண்டுகள்!

தமிழிலும் அரபியிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவே இல்லை. அதனால் நாம் குற்றமற்றோர் என மகிழ்வதற்கில்லை. நமக்கு விகுதி இருக்கின்றதே! 'முதல்வர் வந்தார், தோட்டக்காரன் வந்தான்' என்றெழுதிய விடைத்தாள்கள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. வினாத்தாள்களிலும் அதனைக் கண்டிருக்கிறேன். இலக்கணப்படி அது பிழையன்று. எனினும் நான் சிவப்பு மையால் திருத்தியே அனுப்புகிறேன்.