லிண்டலோடு நிற்கும் வீடு

புதுச்சேரி அரசின் தலைமைச் செயலர் அவர்களுக்கு,



வாணரப்பேட்டையில் என் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறக் கூடாதென்று மேஸ்திரி சிமெண்ட் பால் பூசி, மேலே பால் கவர்களைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். அந்தக் கவர்கள் வெயிலில் நார்நாராகிவிட்டன. வீட்டுக்கார அக்கா பூ கட்டி விற்பவர். அரசு வீட்டுத் திட்டத்தின் அடுத்த தவணைக்காக அலைகிறார். ஓர் அலுவலகத்தில் “பட்டா மாமியார் பேர்ல இருக்கு, வாரிசுச் சான்று வேணும்” என்றார்கள். அதை வாங்கி வருவதற்குள் இன்னோர் இடத்தில் வரைபட அனுமதியின் நகலைக் கேட்டார்கள். அனுமதி கொடுத்ததே அரசுதானே ஐயா! அலுவலகம் போகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு வியாபாரம் போச்சு.

பட்டாவுக்கு வருவாய்த்துறை, வரைபடத்துக்கு நகர அமைப்புக் குழுமம், காமராஜர் கல்வீட்டுத் திட்டத்துக்குக் குடிசை மாற்று வாரியம், குடிநீருக்குப் பொதுப்பணித்துறை, மீட்டருக்கு மின்துறை, வீட்டுவரிக்கு நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து. 2015இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டத்துக்குக் கட்டம் படமெடுத்து ஏற்றினால்தான் பணம் வரும். ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை துறைகளுக்கும் நடுவே தபால்காரர் வேலையை அந்தப் பூக்கார அக்கா பார்க்கிறார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே அந்தக் குடும்பம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. விடிந்ததும் எங்கள் மாடிக்குக் கூட்டி வந்தோம். அன்று கிருஷ்ணா நகரில் ராணுவமே இறங்கி மக்களை மீட்டது. பிறகு ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் வங்கிக் கணக்குக்கே வந்தது. எங்கள் தெருவில் ஒருவரும் அதற்காக ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை. யார் எந்த வீட்டில் இருக்கிறார், எந்த வங்கியில் கணக்கு என்பதெல்லாம் அரசுக்கு அன்றே தெரிந்திருந்தது. வீடு கட்டும்போது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

நான் கேட்பது புதுத் திட்டமல்ல, கூடுதல் பணமுமல்ல. ரேஷன் கார்டு எண்ணிலேயே ஒரு கோப்பு திறக்கட்டும். பட்டாவும் வரைபடமும் துறைக்குத் துறை தாமே போகட்டும். பொறியாளர் ஒருமுறை வந்து பார்த்தால் அது எல்லாத் திட்டங்களுக்கும் செல்லுபடியாகட்டும். மாதத்தில் ஒரு நாள், கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ள அலுவலர்கள் எல்லோரும் தாலுகா அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்காரட்டும். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவரை அனுப்பிப் பயனில்லை. எல்லாத் துறைகளையும் ஒரே அறைக்குக் கூப்பிட உங்கள் ஒருவரால்தான் முடியும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஐப்பசிக்கு முன்னால் சென்ட்ரிங் அடித்துவிட வேண்டும் என்கிறார் மேஸ்திரி. அக்காவின் மனு எண்ணைத் தனியே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாணரப்பேட்டைவாசி ஒருவர்