தப்பு பீடி மேல மட்டுமா?

எங்க பொம்மிடி பக்கம் யாருக்காவது நெஞ்சுவலின்னா, அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "பீடி குடிப்பாரா? தண்ணி உண்டா?" ரெண்டும் இல்லைன்னா, "வாயைக் கட்டியிருக்க மாட்டாரு". ஆக மொத்தம், தப்பு நோயாளி மேலதான்.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. சாட்சிக்குக் குரங்கைக் கூப்பிடுறேன் :-)

ஏற்காடு மலைப்பாதையில பொட்டலத்தைப் பிடுங்குமே நாட்டுக் குரங்கு, அதுக்குப் பங்காளி தென்கிழக்கு ஆசியாவின் நீண்டவால் குரங்கு. அமெரிக்காவில் ஜே கேப்லன் குழு அதை வெச்சு நடத்திய ஆய்வு 1982ல் வெளிவந்தது. எல்லா ஆண் குரங்குக்கும் ஒரே கொழுப்புச் சாப்பாடு. பீடி இல்லை, தண்ணி இல்லை. சில கூட்டங்களில் மட்டும் அடிக்கடி ஆளை மாத்தினாங்க. அங்கே தலைவனா இருந்த குரங்குகளுக்குத்தான் இதய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு அதிகம். பதவியைக் காப்பாத்தத் திரும்பத் திரும்பச் சண்டை போடணுமே!

பின்னாடி கரோல் ஷைவ்லி பெண் குரங்குகளைப் பார்த்தார். அங்கே பாதிக்கப்பட்டது கடைசி வரிசை. எப்பவும் மிரட்டல் வாங்கி, பேன் பார்க்கக்கூட ஆள் இல்லாம தனியா உட்கார்ந்திருக்கும் குரங்குகள்.

மனுஷனுக்கு? 1967ல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைக் கவனித்தது. கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் செத்தது, உயரதிகாரிகளைவிட மூணு மடங்குக்கும் மேல். சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாத்தையும் கணக்கில் கழிச்ச பிறகும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அப்படியே நின்னது.

அங்கே பதவிதான் படிக்கட்டு. நம்ம ஊர்ல பிறக்கும்போதே சாதின்னு ஒரு படிக்கட்டு. அதுக்கு மேல, பெங்களூருக்கு ரயில் ஏறும் சித்தாளுக்கு நாளைக்கு வேலை உண்டான்னு மேஸ்திரி சொன்னாத்தான் தெரியும். நமக்கு அப்ரைசல் வருஷத்துக்கு ஒருமுறை, அவங்களுக்கு தினமும். அவங்ககிட்ட போய் "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றது என்ன வைத்தியம்?

பீடியை விடணும், சந்தேகமே இல்லை. ஆனா அதோட நம்ம கடமை முடிஞ்சிடாது. 2016ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், செம்முகக் குரங்குகளின் வரிசையை மாத்தி வெச்சப்ப, நோய் எதிர்ப்பு அணுக்களில் மரபணுக்கள் வேலை செய்யும் விதமே மாறிச்சு. அதாவது, கீழே இருப்பது தலைவிதி இல்லை.

தேதி தவறாத கூலி, எல்லாருக்கும் ஒரே டம்ளர், தொழிலாளி பேச்சுக்கும் ஒரு மதிப்பு. இதையும் இதய வைத்தியத்தில் சேர்க்கணும்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?