மிஞ்சிய சோறும் மண்புழுப் பெட்டியும்



வீட்டுத் தோட்டம் செய்யும் சகோதரிகள் பலரிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது. "குசினிக் கழிவைப் பசளையாக்கப் பெட்டியில் மண்புழு விட்டோம். ஒரு மாதத்திற்குள் எல்லாம் செத்துவிட்டன. என்ன காரணம்?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் ஒரு பெட்டி நிறையப் புழுவைக் கொன்றவன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மாட்டுப் பட்டியிலிருந்து கொஞ்சம் மண்புழு கொண்டு வந்து, ஒரு பழைய மரப்பெட்டியில் விட்டோம். என் மனைவியும் இளைய மகளும் அதைக் கண்ணாகப் பார்த்தார்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை என்று நாளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு உறவினர் ஒருவரின் வலீமா எங்கள் வீட்டில் நடந்தது. ஸஹன்களில் மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. "புழுவுக்குப் போடுங்கள், அதுவும் ஒரு ஜீவன்தானே" என்று நான்தான் சொன்னேன். ஒரு பேசின் நிறைய நெய்ச்சோறும் இறைச்சிக் குழம்பும் பெட்டிக்குள் போயின.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு பெட்டியடியிலிருந்து மகளின் சத்தம் கேட்டது. "வாப்பா, ஓடி வாங்க! புழுவெல்லாம் வெளியே வருது!" மூடியைத் தூக்கியதும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. உயிரோடு இருந்தவை பலகையில் ஏறித் தப்பப் பார்த்தன. மற்றவை சோற்றுக்கடியில் கூழாகிக் கிடந்தன. மகள் என்னைப் பார்த்து, "நீங்கதானே போடச் சொன்னீங்க?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது, சட்டத்தை மட்டும் மனனம் செய்யாதீர்கள், அதன் காரணத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். "இதைப் போடு, இதைப் போடாதே" என்ற பட்டியலை நானும் கேள்விப்பட்டிருந்தேன். காரணம் தெரியாததால், இரக்கப்பட்டே தவறு செய்தேன். மண்புழுவின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்குப் பட்டியல் தேவையில்லை. ஆகவே முதலில் அந்த உடம்பைப் பார்ப்போம்.

தோலால் மூச்சு விடும் உயிர்

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. தோலால்தான் மூச்சு விடுகிறது. தோலில் ஈரம் இருந்தால்தான் காற்று அதில் கரைந்து உள்ளே போகும். தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதேபோல், பெட்டிக்குள் தண்ணீர் தேங்கிக் காற்றுக்கு இடமில்லாமல் போனாலும் மூச்சு முட்டும். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதுதான் புழு வளர்ப்பின் முக்கால் பங்கு.

இதை அளக்கக் கருவி தேவையில்லை. பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டுத் தண்ணீர் வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். காய்ந்த வாழையிலையோ கிழித்த பத்திரிகைத் தாளோ கலந்து விடுங்கள். கை உலர்ந்தே இருந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

உப்பும் எண்ணெயும் ஏன் ஆகாது என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. உப்பு அந்த மெல்லிய தோல் வழியே உடம்பின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். எண்ணெய் கழிவின் மேல் படிந்து காற்றை மறிக்கும். நான் கொட்டிய நெய்ச்சோற்றில் இரண்டும் இருந்தன.

பல்லில்லாத வாய்

மண்புழுவுக்குப் பல் இல்லை. நாம் போடும் கத்தரிக்காய்த் துண்டை அது கடித்துத் தின்பதில்லை. கழிவு அழுகி மென்மையான பிறகு, அதில் பெருகியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களோடு சேர்த்து விழுங்குகிறது. அதன் வயிற்றில் கோழிக்கு இருப்பது போன்ற அரைவைப் பை ஒன்று உண்டு. கூடவே விழுங்கிய மணல் துணிக்கைகள் அங்கே அம்மியாக நின்று உணவை அரைக்கின்றன. அதனால்தான் பெட்டியில் ஒரு பிடி மண் சேர்க்கச் சொல்கிறார்கள். முட்டைக் கோதைக் காயவைத்துத் தூளாக்கிப் போட்டால் அரைக்கவும் உதவும், புளிப்பையும் குறைக்கும்.

நல்ல நிலையில் உள்ள புழுக்கள் ஒரு நாளில் தம் எடையில் ஏறக்குறைய பாதியளவு உண்ணக்கூடியவை. அரைக் கிலோ புழு இருந்தால் கால் கிலோ கழிவு. ஆனால் இது பழகிய பெட்டிக்கான கணக்கு. புதிதாகத் தொடங்குபவர் அதிலும் பாதியைக் கொடுத்தால் போதும். முன்பு போட்டது பெரும்பாலும் மறைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். புழுக்கள் பட்டினியால் சாவதைவிட, நம் தாராள மனதால் சாவதே அதிகம்.

அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? குவிந்த கழிவு புளிக்கும், சூடேறும். பெரிய கூட்டெருக் குவியலின் உள்ளே வெப்பம் 55, 60 பாகை செல்சியசுக்கு மேல் போகும். மண்புழுவோ 35 பாகையைத் தாண்டினாலே தாங்காது. என் பெட்டியில் அந்தச் சோறு செய்த மூன்றாவது வேலை இது.

கண்ணும் காதும் இல்லை

அதற்குக் கண் இல்லை. ஆனால் தோலில் வெளிச்சத்தை உணரும் கலங்கள் உண்டு. வெளிச்சம் பட்டால் உள்ளே ஒதுங்கும். காதும் இல்லை, அதிர்வை மட்டும் உணரும். இங்கிலாந்தின் சார்ல்ஸ் டார்வின் இதைச் சோதித்துப் பார்த்தவர். அவருடைய மற்றக் கருத்துக்கள் பற்றி நமக்கு வேறு பேச்சு உண்டு. ஆனால் மண்புழுவைப் பல்லாண்டுகள் பொறுமையாகக் கவனித்து, அதற்கென்றே 1881இல் ஒரு நூல் எழுதினார். புழுக்கள் இருந்த சாடிகளுக்கு அருகில் பியானோ வாசித்தபோது அவை அசையவில்லையாம். சாடியையே பியானோவின் மேல் வைத்து வாசித்ததும் வளைக்குள் ஓடி ஒளிந்தனவாம். ஆகவே பெட்டியைத் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வெயில் படாத, மழைச் சாரல் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

எந்தப் புழு?

தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்தும்போது வருகிற எல்லாப் புழுவும் பெட்டிக்கு ஆகாது. ஆழ மண்ணில் வளை தோண்டி வாழும் இனங்கள் பெட்டியில் நிலைக்கா. மண்ணின் மேற்பரப்பில், அழுகும் இலைகுழைக்குள் வாழும் இனமே வேண்டும். பழைய சாணக் குவியலிலும், உக்கிய வாழைத் தண்டுக்கு அடியிலும் கிடைப்பவை பெரும்பாலும் இவை. மாடு வளர்ப்பவரிடம் கேட்டால் ஒரு கைப்பிடி தருவார்.

தவறி மண்வெட்டி பட்டுப் புழு இரண்டானால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். அது சரியல்ல. தலைப்பக்கம் சில வேளை பிழைத்து வால் வளர்க்கும். வால்பக்கம் இன்னொரு முழுப் புழுவாவதில்லை. மெதுவாகக் கையாளுங்கள்.

பெட்டி அமைக்கும் முறை

ஆழம் ஓர் அடி போதும். அகலம் கூடுதலாக இருந்தால் நல்லது, ஏனென்றால் இவை மேல்பகுதியிலேயே வாழ்பவை. அடியிலும், மூடிக்குக் கீழே பக்கங்களிலும் சிறு துளைகள் வேண்டும். கல் வைத்துத் தூக்கி வையுங்கள். உள்ளே நாலைந்து அங்குலத்திற்கு நனைத்துப் பிழிந்த பத்திரிகைத் துண்டு, தும்புத்தூள், இரண்டு மூன்று வாரம் ஆறிய மாட்டுச் சாணம் ஆகியவற்றைக் கலந்து பரப்புங்கள். பச்சைச் சாணம் சூடேறும். தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டே போடுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும்.

மரக்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் போடலாம். சிறிதாக வெட்டி, ஒரு மூலையில் புதைத்து மூடுங்கள். அடுத்த முறை அடுத்த மூலை. மூடிப் புதைத்தால் சிறு ஈக்கள் வரா. தேசிக்காய், தோடம்பழத் தோல், கொச்சிக்காய், வெங்காயம் ஆகியவை கூடுதலாக வேண்டாம். சமைத்த கறி, இறைச்சி, மீன், எலும்பு வேண்டவே வேண்டாம். இவை நாறி எலியை அழைக்கும்.

எறும்பு வந்தால் பெட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். பெட்டியை மேசையில் வைத்து அதன் கால்களைத் தண்ணீர் நிறைத்த பேணிகளில் நிறுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை: அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தண்ணீருக்குப் பதில் கழிவு ஒயில் ஊற்றுங்கள். பெட்டிக்கு அடியில் வடியும் நீரையும் தேங்க விடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் கழிவு கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். வெளிச்சத்தில் ஒரு சாக்கின் மேல் கொட்டிக் கூம்பாகக் குவியுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து புழுக்கள் அடிக்கு இறங்கும். மேலே உள்ளதை வழித்தெடுங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் வழித்தெடுங்கள். கடைசியில் புழுக்கள் மட்டும் திரளாக மிஞ்சும். கொச்சிக்காய், கத்தரி, கறிவேப்பிலைக் கன்றுகளின் அடியில் ஆளுக்கொரு பிடி இந்தப் பசளை போதும். வெயிலில் காயவைக்காமல் ஈரமாகவே பயன்படுத்துங்கள்.

தயிர்ச் சட்டியில் நாற்பது

என் பெட்டியின் முடிவைச் சொல்லவில்லையே! அன்று நான் கைவிட்டுவிட்டேன். என் மனைவி விடவில்லை. உயிரோடிருந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தண்ணீரில் அலசி, ஒரு பழைய தயிர்ச் சட்டியில் ஆறிய சாணம் போட்டு விட்டார். மகள் எண்ணினாள்: நாற்பது.

ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணுமாக இருக்கும் உயிர். ஆனாலும் பெரும்பாலும் இரண்டு சேர்ந்தே இனம் பெருக்கும். கழுத்துப் பக்கம் தடித்த வளையம் உள்ள புழு வளர்ந்த புழு. அந்த வளையத்திலிருந்தே முட்டைக்கூடு உருவாகும். வெந்தயத்தை விடச் சிறிதாக, மஞ்சளும் கபிலமுமாக இருக்கும். ஒரு மாதம் கழித்துச் சட்டியைக் கிளறியபோது மகள் அதைக் கண்டாள். பிறகு நூல் துண்டுபோல் வெள்ளைக் குஞ்சுகள் வந்தன. ஆறேழு மாதத்தில் மரப்பெட்டி மீண்டும் நிறைந்தது.

சகோதரிகளே, இது சிறிய வேலைதான். ஆனால் 2017 ஏப்ரல் 14ஐ நினைத்துப் பாருங்கள். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து, 30க்கும் மேற்பட்டோர் வீடுகளோடு புதையுண்டு இறந்தார்கள். அந்த மேடு வீடுகளின் குப்பையால் உயர்ந்த மேடு. நம் நாட்டின் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடிய கழிவு. அதை வீட்டு வாசலுக்குள்ளேயே மண்ணாக்கி முடிக்க முடியும்.

மிஞ்சிய சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குப் புழுவைத் தேட வேண்டாம். ஸஹனில் அளவாக வையுங்கள், மிஞ்சினால் சூடு ஆறுமுன் அயல்வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். பெட்டிக்குப் போவது தோலும் சக்கையும் மட்டுமே. அதையும் மகளிடம் கேட்டுத்தான் போடுகிறேன்.