கிலோ கணக்கில் தூய்மை

மின்-ஒளியியல் சாதனங்களுக்கான கரிமப் பொருள்களைப் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் செய்முறைப் பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகிறது: சிலிக்கா ஜெல்லில் நிரல் குரோமட்டோகிராபி செய்தோம், கருநீலத் திண்மம் சில பத்து மில்லிகிராம் கிடைத்தது. என்.எம்.ஆர். எடுக்கவும் நிறமாலை பதியவும் அது போதும். சாதனம் செய்பவருக்குப் போதாது. ஸ்பின் கோட்டிங்கின் வேகத்தையும் கரைசலின் செறிவையும் சரிசெய்வதற்குள்ளேயே கிராம் கணக்கில் செலவாகிவிடும். இரண்டாவது தொகுதி முதலாவதைப் போலவே இருக்கவேண்டும் என்பது அவருடைய அடுத்த எதிர்பார்ப்பு. இந்த இரண்டையும் தர முடியாமல் போவதற்குக் காரணம் வினை என்றே நாம் பேசிவருகிறோம். உண்மையில் இடறுவது வினைக்குப் பிந்திய தூய்மையாக்கலில்தான்.

திருவனந்தபுரத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பாப்பனம்கோட்டில் 1975இல் தொடங்கி, 2007இல் என்.ஐ.ஐ.எஸ்.டி. என்று பெயர் மாறிய சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில், கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்த எம்.வி. ஜார்ஜ் ஒளிவேதியியலுக்கு வலுவான அடித்தளம் அமைத்தார். அங்கேதான் ஏ. அஜயகோஷும் சுபி ஜார்ஜும் ஃபீனைலின்வைனைலின் மூலக்கூறுகள் கரைப்பானை ஜெல்லாக இறுக்கிப்பிடிப்பதை 2001இல் வெளியிட்டார்கள். இன்று அதே வளாகத்தில் வீட்டு விளக்கொளியில் மின்சாரம் தரும் சாயக் கலங்களுக்கான வேலை நடக்கிறது. ஜெல்லோ, சாயமோ, மாடுலேட்டருக்கான குரோமோஃபோரோ, மூன்றுக்கும் முதுகெலும்பு ஒரே கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புத் தொடர். அதைக் கோக்கும் வினைகளும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த வினைகளில் தேர்வு செய்யும்போதே தூய்மையாக்கல் தீர்மானமாகிவிடுகிறது. விட்டிக் வினை பக்க விளைபொருளாக டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் ஆக்சைடைத் தருகிறது. விளைபொருள் கரையும் கரைப்பான்களிலேயே அதுவும் கரையும். சிலிக்காவைத் தேடி ஓடவேண்டியிருக்கும். ஹார்னர்–வாட்ஸ்வொர்த்–எம்மன்ஸ் முறையில் மிஞ்சுவது பாஸ்ஃபேட் உப்பு. தண்ணீரில் கழுவினால் போய்விடும். சிறு குடுவையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 20 லிட்டர் கலனில் அதுவே திட்டத்தின் உயிர்நாடி.

மின்-ஒளியியலில் மாசுக்கு இன்னொரு தண்டனையும் இருக்கிறது. பாக்கெல்ஸ் விளைவு வேண்டுமானால் பாலிமருக்குள் குரோமோஃபோர்கள் ஒரே பக்கம் நோக்கி நிற்கவேண்டும். அதற்காகப் படலத்தைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு அருகில் சூடாக்கி, மைக்ரோமீட்டருக்கு 100 வோல்ட் அளவில் புலம் செலுத்திக் குளிர்விக்கிறோம். கழுவாமல் விட்ட உப்போ, இணைப்பு வினையில் தங்கிய பல்லேடியமோ இருந்தால் படலத்தின் கடத்துதிறன் ஏறும். குரோமோஃபோர் உணரும் புலம் குறையும். சில சமயம் படலமே துளைபட்டுப்போகும். லித்தியம் நையோபேட்டின் மின்-ஒளியியல் குணகம் வோல்ட்டுக்குச் சுமார் 30 பிக்கோமீட்டர். நல்ல கரிமப் படலங்கள் 100ஐத் தாண்டியிருக்கின்றன, 300ஐயும் தொட்டிருக்கின்றன. ஆனால் என்.எம்.ஆர். கண்ணுக்குப் படாத அயனி மாசு அந்த மேன்மையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ‘99 சதவீதம் தூய்மை’ என்ற வரி, மீதி ஒரு சதவீதம் என்ன என்று சொல்லாதவரை சாதனக்காரருக்குப் பயன்படாது.

சிலிக்கா இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கு டாஸ்ட் நல்ல சான்று. 1980களில் ஜப்பானில் நகானிஷி குழு உருவாக்கிய இந்த அயனிப் படிகத்துக்கு, பிக்கோலினையும் மெத்தில் டாஸிலேட்டையும் சேர்த்து உப்பாக்கி, டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடுடன் மெத்தனாலில் பைபெரிடின் வைத்துக் குறுக்கினால் போதும். பொருள் தானே வீழ்படிவாகும். மெத்தனாலில் மறுபடிகமாக்கினால் தூய்மை வந்துவிடும். கவனம் ஈரத்தில் இருக்கவேண்டும். நீரேற்றப் படிகம் மையச் சமச்சீர் கொண்டது; அதில் பாக்கெல்ஸ் விளைவு வராது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் இந்த ஊரில் கரைப்பானின் நீரளவைக் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்து எழுதுவது சம்பிரதாயம் ஆகாது, அவசியம். இந்தப் பொறுமை நமக்குப் புதிதும் இல்லை. 2005இல் வெளிவந்த சங்கரநாராயணன்–ராமசாமி முறைக்குப் பிறகு ஒரே திசையில் நீளப் படிகம் வளர்க்கும் தமிழ்நாட்டு ஆய்வகங்கள், மூலப்பொருளைத் திரும்பத் திரும்ப மறுபடிகமாக்கித்தான் வேலையைத் தொடங்குகின்றன.

அளவு பெருகும்போது வெப்பத்தையும் மறக்கக்கூடாது. 100 மில்லிலிட்டர் குடுவையிலிருந்து 10 லிட்டருக்குப் போனால் கொள்ளளவு நூறு மடங்கு. வெப்பம் வெளியேறும் பரப்போ இருபது மடங்கு சொச்சம்தான். குரோமோஃபோர்களின் வலுவான எலக்ட்ரான் ஏற்பிகளில் பலவற்றுக்கு மூலம் மாலோனோநைட்ரைல். நச்சுத்தன்மை கொண்டது, வலுவான காரம் பட்டாலும் நீண்ட நேரம் சூடேறினாலும் கட்டுமீறிப் பாலிமராகும். ‘காரத்தை ஒரே தடவையில் சேர்த்தோம்’ என்ற செய்முறையை நம்பி ஒருவர் பெரிய கலனில் செய்தால் என்ன ஆகும் என்பதை எழுதுபவர் யோசிக்கவேண்டும்.

கழிவுக் கணக்கும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்த ஈ-காரணி, ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்கிறது. மருந்துத் துறையிலேயே அது 25லிருந்து 100க்கு மேல் போகும் என்று அவர் காட்டினார். சிலிக்காவையும் ஹெக்சேனையும் டைகுளோரோமீத்தேனையும் சேர்த்து எண்ணினால் நம் குரோமோஃபோர்கள் அதையும் எளிதாக மிஞ்சும். ஏலூரில் தொழிற்சாலைக் கழிவால் பெரியாறு பட்ட பாட்டைப் பார்த்த கேரளத்தில் இந்த எண்ணை மறைத்துவிட்டு எந்தத் தொழிற்சாலைக்கும் அனுமதி கேட்க முடியாது.

ஆகவே, அடுத்த இதழிலிருந்து புதிய மின்-ஒளியியல் பொருளைத் தொகுத்ததாக எழுதுவோர் நான்கு தகவல்களைத் தரவேண்டும் என்று கேட்கிறோம்: குறைந்தது ஐந்து கிராம் அளவில் ஒருமுறை செய்த விவரம், மூன்று தொகுதிகளின் ஒப்பீடு, எஞ்சிய உலோகம், அயனி, நீர் ஆகியவற்றின் அளவு, கரைப்பானையும் சிலிக்காவையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈ-காரணி. குரோமட்டோகிராபி தவிர்க்க முடியாததாக இருந்தால் ஏன் என்று ஒரு வரி போதும்.

மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரிந்த மூலக்கூறைச் சிலிக்கா இல்லாமல், விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் நூறு கிராம் செய்துகாட்டும் கட்டுரையைப் ‘புதுமை இல்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். மருந்துத் துறையின் செயல்முறை வேதியியலாளர்கள் இந்த வேலையைத் தனித் திறமையாகவே வளர்த்திருக்கிறார்கள். பொருளறிவியலில் அதற்கு உரிய மதிப்பை இதழ்கள்தான் முதலில் தரவேண்டும்; நாம் தரத் தயார்.