ஏ2 பால்: கூடுதல் விலைக்குக் காரணம் அறிவியலா, விளம்பரமா?

‘நாட்டு மாட்டுப் பால்ங்க, சுத்தமான ஏ2. குழந்தைக்கு இதைத்தான் கொடுக்கணும்’ என்று சொல்லி விற்பது இன்று நகரங்களில் சகஜம். பாக்கெட் பாலைவிட விலை அதிகம் என்றாலும், ‘பிள்ளைக்குத்தானே’ என்று பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஒரே ஒரு கண்ணி

பசும்பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80% கேசின். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் திரிந்து பனீராவது இதுதான். கேசினில் ஒரு வகை பீட்டா கேசின். இது 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் 67-வது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்திய நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் பெரும்பாலும் ஏ2 வகையே உள்ளது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பினங்களிலும் இரண்டும் காணப்படும். அதாவது, சாதாரண எருமைப் பால் வாங்குபவர்கள் பெயர் தெரியாமலேயே ஏ2 குடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

பயம் எங்கிருந்து வந்தது?

ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற சிறு புரதத் துணுக்கு அதிகம் வெளிப்படுகிறது. இதய நோய், முதல் வகை நீரிழிவு ஆகியவற்றோடு இதைத் தொடர்புபடுத்தி 1990-களில் நியூசிலாந்தில் விவாதம் கிளம்பியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வுகளைப் பரிசீலித்து, நோய்களுக்கு இதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று 2009-ல் அறிவித்தது. ஏ2 குடித்தால் சிலருக்கு வயிற்று உப்புசம் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால், அவை சிறியவை. பலவற்றுக்கு நிதி கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனமே.

நெய்யிலுமா ஏ2?

ஏ1, ஏ2 இரண்டும் புரதத்தின் பெயர்கள். நெய்யோ ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. அதில் ‘ஏ2’ என்று எழுதுவதில் என்ன பொருள்? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ல் இத்தகைய வாசகங்களை நீக்கச் சொன்னது. ஐந்தே நாளில், கூடுதல் ஆலோசனை தேவை என்று உத்தரவைத் திரும்பப் பெற்றது. நுகர்வோர் மறுபடியும் லேபிளை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

ஆபத்து இங்கேதான்

பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ‘ஏ2 தானே, ஒண்ணும் பண்ணாது’ என்று கொடுப்பது ஆபத்து. அதிலும் கேசின் இருக்கிறது. லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கும் இது தீர்வல்ல. லாக்டோஸ் இரண்டிலும் உண்டு.

இன்னொரு பாதிப்பு, கலப்பினப் பசு ஒன்றிரண்டை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பங்களுக்கு. அவர்கள் தரும் பாலை ‘விஷம்’ என்று சமூக ஊடகங்களில் பரப்புவது அநியாயம். வெயிலைத் தாங்கும் திறனுக்காகவும் உழைப்புக்காகவும் நாட்டு மாடுகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதற்குப் பொய்ப் பயம் தேவையில்லை.

வசதியிருந்தால் ஏ2 வாங்கலாம், தப்பில்லை. ஆனால், விலையைப் பார்த்துப் பிள்ளைக்கான பாலின் அளவைக் குறைப்பதைவிட, வழக்கமான பாலைக் காய்ச்சி வயிறாரக் கொடுப்பதே மேல்.